அரோகராவுக்கு நடுவே ஒரு பெயர்

நேற்று உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், பேட்டி கொடுக்கிறவங்க பேர் கேசட் உறையிலேயே இருக்கு. அப்புறம் எதுக்கு மைக்கை நீட்டினதும் முதல் கேள்வியா 'உங்க பேர் சொல்லுங்க'ன்னு கேட்கணும்? அரை நிமிஷம் வீண்தானே?"

வீணாம்! எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பது இந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றுவிட்டேனே, இனிமேல் யாரையும் திட்டக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போன பிறகும் பொறுக்கவில்லை. அதனால் திட்டுவதற்குப் பதிலாக ஒரு கதை சொல்கிறேன். உட்காருங்கள். அந்த ஹெட்போனை முதலில் கழற்று தம்பி, நான் சொல்வது அதில் வராது.

நூல், நார், கயிறு, கம்பளி இவற்றைக் கொண்டு புதிது புதிதாக ஏதாவது செய்கிறார்களே, அந்தக் கலைஞர்களை அவர்கள் வாயாலேயே பேசவைத்துப் பதிவு செய்து வைப்பதுதான் நம் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் இந்த வேலைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. சென்னையில் நார்க்கலைக் கண்காட்சி. ஒவ்வொரு படைப்புக்கும் கீழே ஒரு சின்ன ஒலிபெருக்கி. பொத்தானை அழுத்தினால் செய்தவரே பேசுவார். யார் குரல் ஒலிக்கிறதோ அவர் பெயர்தான் பலகையில் இருக்கும். எங்கள் தலைவர் போட்ட விதி அது. கேட்டபோதே எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதுவரை எங்கள் பதிவுகளை நாங்களும் கரப்பான்பூச்சிகளும்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தக் கண்காட்சியில் எல்லோர் கண்ணையும் இழுத்தவை மூன்று நார்த்திரைகள். கூரையிலிருந்து தரை வரை தொங்கும். முழுக்க வாழைநார், முடிச்சு முடிச்சாக. வெளிறிய நாரில் அங்கங்கே மஞ்சள், அங்கங்கே செம்மை, ஓரிடத்தில் கருஞ்சிவப்பு. கிட்டே போனால் பழைய பூக்கடை வாசனை லேசாக வரும். அவற்றை அனுப்பியவர் சென்னையில் பேர்பெற்ற ஒரு வடிவமைப்பாளர். என் சக ஊழியர் ஒருவர் அவரைப் பேட்டி எடுத்துவிட்டு வந்திருந்தார். மணிக்கணக்கில் பேசியிருந்தார் மனிதர். காலம், வெளி, நினைவு என்று எல்லாம் இருந்தது. நடுவில் ஒரே ஒரு வாக்கியம்: "திருத்தணியில ஒரு பூக்கடைக்கார அம்மா எனக்கு முடிச்சுப் போட்டுக் குடுப்பாங்க."

தலைவர் அந்த இடத்தில் டேப்பை நிறுத்தினார். திரும்ப ஓடவிட்டார். "முடிச்சுப் போட்டவங்ககிட்டயும் கேட்டுட்டு வாம்மா" என்றார் என்னிடம்.

பூக்கடைக்குப் பக்கத்துக் கடை போனில் பேசி நாளைக் குறித்தது எங்கள் அலுவலகப் பையன்களில் ஒருவர். கண்காட்சித் திறப்புக்கு முந்தைய நாள். "ஏன்யா இவ்வளவு நெருக்கத்துல வெச்சே?" என்று கேட்டேன். "அன்னிக்குத்தான் மேடம் அங்கே லோக்கல் லீவு. அந்தம்மா வீட்ல ஃப்ரீயா இருப்பாங்க" என்றார் பெருமையாக.

திருத்தணியில் ஏன் லோக்கல் லீவு என்று அவரும் யோசிக்கவில்லை, எங்களில் யாரும் யோசிக்கவில்லை. மின்சார ரயில் திருவள்ளூரைத் தாண்டும்போதே விஷயம் புரிந்துவிட்டது. பெட்டி முழுக்க மஞ்சள் துணி, விபூதி, தோளில் சாய்த்த காவடி. ஆடிக் கிருத்திகை! ஊரே மலை ஏறுகிற நாளில் ஒரு பூக்கடை வீட்டம்மாள் ஃப்ரீயாக இருப்பாளாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து நான் நடக்கவேயில்லை. கூட்டம்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. வாசலில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், மஞ்சள் புடவையில் உட்கார்ந்து காவடிக்குச் சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்டாவில் ஊறும் வாழைநார். அவளுக்குப் பின்னால் சுவரோரமாக, கண்காட்சிக் கூடத்தில் நான் பார்த்த அதே மாதிரி ஒரு திரை பாதி முடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவள்தான் தேசம்மா. பெயரைச் சொன்னது அவள் இல்லை. உள்ளேயிருந்து லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்த அவள் கணவர் சுப்பிரமணி.

"வாங்க மேடம், வாங்க. நீங்க வருவீங்கன்னு சொல்லிகினே இருந்தேன். ஆனா ஒரு பேஜார் ஆய்ட்ச்சி. தேசம்மா பேசாது. மௌன வெரதம். மேல போயி காவடி எறக்குற வரிக்கும் வாயத் தொறக்காது."

"எப்ப இறக்குவீங்க?"

"கூட்டத்தப் பொறுத்துங்க. மத்தியானம் ஆவும், சாயங்காலமும் ஆவும்."

சென்னையில் பலகை எழுதுகிறவர் தூரிகையோடு உட்கார்ந்திருந்தார். சாயங்கால ரயிலில் நான் டேப்போடு போய் இறங்கவில்லை என்றால் மூன்று திரைகளுக்கும் கீழே வடிவமைப்பாளர் பெயர் ஏறும், அவர் குரல் ஒலிக்கும். அதை நான் தேசம்மாவிடமே சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். அவள் கை நின்றது. என்னையே பார்த்தாள். அந்தக் கண்களை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சுப்பிரமணி முந்திக்கொண்டார். "அதுக்கென்னா மேடம்? நான் சொல்றேன், எழுதிக்கோங்க. அவ சொன்னா என்னா, நான் சொன்னா என்னா, ரெண்டும் ஒண்ணுதான். மெட்ராஸ் சார்தான் எல்லாம் சொல்லிக்குடுத்தாரு. இவ கட்டிக் குடுத்தா, அவ்ளோதான்."

தேசம்மா அண்டாவிலிருந்து ஒரு கத்தை ஈரநாரை எடுத்தாள். கல்தரையில் ஓங்கி அடித்தாள். பளார். பளார்.

என் முகமெல்லாம் தண்ணீர். சுப்பிரமணி தலையைச் சொறிந்தார்.

"அது ஒண்ணுமில்லிங்க. வெரதம் ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க வூட்ல இப்பிடித்தான் போய்க்கினு இருக்குது. ஒரு தபா அடிச்சா ஆங். ரெண்டு தபா அடிச்சா இல்ல."

"மூணு தபா அடிச்சா?"

"நான் வெளிய போவணும்" என்றார் பாவம்.

பிள்ளைகளே, எனக்கு எப்படி இருந்திருக்கும்! இந்த வேலையில் எத்தனையோ பேர் பேசிப் பேசியே ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள். இங்கே ஒருத்தி பேசாமலே பதில் சொல்கிறாள். ரெக்கார்டரைத் தட்டிவிட்டேன். தரையோரமாக மைக்கைப் பிடித்தேன்.

"இந்தத் திரையைச் செய்யணும்னு முதல்ல யோசிச்சது அவரா?"

பளார், பளார்.

"நீங்களா?"

பளார்! சந்துக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"மேடம், மேடம்," சுப்பிரமணி என் பக்கம் குனிந்தார். "இதெல்லாம் டேப்புல வேணாம் மேடம். அந்த சாரு எங்களுக்கு வேணும். நாளைக்கி அவர் மொகத்துல எப்பிடி முழிக்கிறது?"

பளார், பளார், பளார்.

அவர் எழுந்து வெளியே போனார்.

நான் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தலைவரிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடிச்ச சத்தத்தை வெச்சு எப்படிம்மா பேரை மாத்தறது? நாளைக்கு அந்த மனுஷன் துணி துவைக்கிற சத்தம்னு சொல்லுவான். வாய் வார்த்தை வேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லிப் பாரேன். சாமி கோவிச்சுக்கவா போறார்?" என்றார்.

அவர் நல்ல மனிதர். எனக்கு மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இருந்தாலும் அப்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாமி கோவித்துக்கொள்வாரா இல்லையா என்று சொல்வதற்கு நாம் யார்? விரதம் அவளுடையது. நான் கேட்டு, அவள் பேசி, நாளைக்கு வீட்டில் யாருக்காவது ஒரு தலைவலி வந்தாலும் என் டேப்பைத்தான் நினைப்பாள். "கேட்க மாட்டேன் சார். மலை ஏறுறேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

ஏறினேன்! இப்போது நினைத்தாலும் உடம்பில் ஒரு வேகம் வருகிறது. முன்னால் தேசம்மா, தோளில் புஷ்பக் காவடி. அவளுக்குப் பக்கத்தில் சுப்பிரமணி. பின்னால் நான், தோளில் ரெக்கார்டர், கையில் மைக். படிக்கட்டு முழுக்கப் பூவும் வேர்வையும் பம்பைச் சத்தமும். யாராவது ஒருவர் "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று குரல் கொடுத்தால் மலையே "அரோகரா!" என்கிறது. மூச்சு வாங்குகிறவர்கூட அந்த ஒரு வார்த்தையை விடுவதில்லை. யார் கூப்பிட்டார்கள், எங்கிருந்து கூப்பிட்டார்கள் என்று யாரும் பார்ப்பதும் இல்லை. குரல் உயர்ந்தால் போதும், பதில் வந்துவிடும். தேசம்மா மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஏறினாள். அத்தனை பேர் வாய்விட்டு அழைக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஏறுவது எவ்வளவு கஷ்டம்! எனக்கே நாக்கு துறுதுறுவென்றது.

பாதி மலையில் நிழலுக்கு ஒதுங்கினோம். சுப்பிரமணி காலை நீவிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"இந்தக் காலுக்குத்தான் மேடம் வெரதம். போன வருஷம் பந்தலுக்குப் பூ கட்டிகினு இருக்கச்சொல்ல ஏணிலேர்ந்து விழுந்தேன். நடக்க மாட்டான்னுட்டாங்க. நடந்தா பேசாம காவடி எடுக்கறேன்னு தேசம்மா வேண்டிகிச்சி. இதோ, நடக்கறேன்."

தேசம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அவர் அவளைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்காவ அது வாய மூடிக்கினு கீது. நான் என்னாடான்னா வாயத் தொறந்து பொய் சொல்லிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேல போயி எறக்கினவொடனே கேளுங்க மேடம். நான் குறுக்க வர மாட்டேன். கூட்டத்தத் தள்ளி எடம் பண்ணிக் குடுக்கறேன்."

எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது. நேசத்தைப் பார்க்கும்போது எரிச்சல் எப்படி நிற்கும்?

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ரயிலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சந்நிதிக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. "நவுருங்க, நவுருங்க" என்று ஒரு பக்கம் தள்ளுகிறார்கள், இன்னொரு பக்கம் காவடிகள் ஆடுகின்றன. தேசம்மா உள்ளே நுழைந்ததைப் பார்த்தேன். அப்புறம் காணவில்லை. பூமலை மாதிரி குவிந்து கிடந்த இறக்கின காவடிப் பூக்களுக்குப் பக்கத்தில் நான் ஒதுக்கப்பட்டேன். ஐயோ, விட்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு, சாய்ந்த காலோடு சுப்பிரமணி வருகிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவது தேசம்மாவை. நெற்றியில் புது விபூதி. தோளில் காவடி இல்லை.

"எறக்கியாச்சி மேடம்! கேளுங்க!"

எத்தனையோ கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ரெக்கார்டரில் சத்த அளவைக் காட்டும் ஊசி சிவப்பில் ஆடுகிறது. யாரோ முதுகில் இடிக்கிறார்கள். இந்தத் தொழிலில் என் வாய்க்குப் பழகிப்போனது எதுவோ அதுதான் தானாக வந்தது. "உங்க பேர் சொல்லுங்க! என்ன வேலை செய்யறீங்க, சொல்லுங்க!" என்று கத்தினேன்.

தேசம்மா மூச்சை இழுத்தாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்த குரல் அல்லவா! அடிவயிற்றிலிருந்து வந்தது.

"எம் பேரு தேசம்மா!"

பின்னாலிருந்த அத்தனை கூட்டமும் ஒரே குரலில்:

"அரோகரா!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. குரல் உயர்ந்தது, பதில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடியும் கத்தினாள்.

"மூணு தெரையும் நான் செஞ்சது!"

"அரோகரா!"

"நானே யோசிச்சி செஞ்சது!"

"அரோகரா!"

இந்தக் கடைசி அரோகராவில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்கிறது ஒரு ஆண் குரல். அது சுப்பிரமணி. டேப்பில் இப்போதும் இருக்கிறது. வேண்டுமானால் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவேயில்லை. அந்தப் பூக்குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வாடின சரம் ஒன்றை உருவிப் பூவை உதிர்த்து நாரை மட்டும் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள். "பூ போய்டும்ங்க. நாரு எங்க போவும்? கட்டின நாரு பூவோட கலர குடிச்சி வெச்சிகினு கீது பாருங்க. இது சாமந்தி. இது கோழிக்கொண்டை. எல்லாரும் தூக்கிப் போட்றாங்க. ஒரு வருஷம் மூட்ட கட்டி எடுத்துகினு போயி, அலசிப் போட்டு, சும்மா முடிச்சு போட்டுகினே இருந்தேன். இதோ நிக்கிறாரே எங்க பாவா, அவரு கேட்டாரு, இன்னாத்துக்கு இதுன்னு. தெரியாதுன்னேன். பாக்கறதுக்கு சந்தோசமா இருந்துச்சி, அதான். ஒரு நாளு அந்த சாரு பூ வாங்க வந்து பாத்தாரு. எடுத்துகினு போனாரு." அவள் பேசுகிற வேகத்துக்கு டேப் தீர்ந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

மலையை இறங்கினேனா, உருண்டேனா, தெரியாது. ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பையை மட்டும் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்திருந்தேன். அலுவலகத்தில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "கூட்டத்துச் சத்தத்தை வெட்டிட்டு அந்தம்மா குரலை மட்டும் வெச்சுக்கலாமா?" என்றார்.

"அரோகராவை வெட்டினீங்கன்னா என் ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்கோங்க" என்றேன்.

அவர் சிரித்தார். பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, "எழுதுப்பா: தேசம்மா, திருத்தணி" என்றார். அவ்வளவுதான். எனக்கு உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை திறப்பு விழா. கணவனும் மனைவியும் முதல் ரயிலிலேயே வந்துவிட்டார்கள். தேசம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே ஈரநார். "இங்க ஏசி போட்டுகிறாங்கன்னு சொன்னாங்க. ஏசில நாரு காஞ்சிப் பூடும். அறுந்தா கட்டணும் இல்ல?" என்றாள். தன் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கிட்டே போய் விரலால் எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பெயிண்ட் இன்னும் முழுசாகக் காயவில்லை. விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொள்ளவே இல்லை.

வந்தவர்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். "எம் பேரு தேசம்மா!" என்று ஒலிபெருக்கி சொல்ல, அரோகரா என்று கூட்டம் முழங்க, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெரிய அதிகாரியின் மனைவி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் வடிவமைப்பாளர் உள்ளே வந்தார். பலகையைப் படித்தார். முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டு, நாலு பேர் கேட்கும்படி தேசம்மாவிடம் சிரித்தபடி போனார். நான் சுப்பிரமணியைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

இப்போது சொல்லுங்கள், பெயரை எதற்கு முதலில் கேட்கிறோம்? அவசரத்தில் எல்லாம் கைவிட்டுப் போனாலும் அந்த ஒன்று கையில் நிற்க வேண்டும் என்பதற்குத்தான். அதுவும் அவரவர் வாயாலேயே. கணவர் வாயால் இல்லை, வாங்குகிறவர் வாயால் இல்லை, நம் வாயாலும் இல்லை. அதற்காக மலை ஏற வேண்டியிருந்தால் ஏறுங்கள். விரதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். ரயில் போனால் போகட்டும்.

சரி, என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். வடிவமைப்பாளர் தேசம்மாவின் முன்னால் நின்று, "என்னம்மா, நான் சொல்லித்தானே இதெல்லாம் நீ செஞ்சே?" என்றார்.

தேசம்மாவுக்கு இப்போது விரதம் ஒன்றும் இல்லை. வாய் திறந்து என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு அந்த ஈரநார்க் கத்தையை எடுத்தாள். குனிந்து, அந்தப் பளபளக்கும் சலவைக்கல் தரையில் ஓங்கி அடித்தாள்.

பளார். பளார்.

தண்ணீர் அவருடைய வெள்ளைப் பைஜாமா வரைக்கும் தெறித்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். சுப்பிரமணிதான் சாய்ந்த காலோடு மெல்ல முன்னால் வந்து, அவர் தோளை மரியாதையாகத் தொட்டார்.

"மூணாவது அடிக்கறதுக்குள்ள கெளம்பிடுங்க சார்."